காப்பகத்துக்குப் பிறகு எங்கே? சேலத்தில் ஒரு பெண்ணுக்கு முன் இருக்கும் ஐந்து வழிகள்

"ஏற்காட்டில் எஸ்டேட் வேலை இருக்கிறதாம், வீடும் தருகிறார்களாம். போகட்டுமா? அல்லது டவுனிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கட்டுமா?" காப்பகத்தில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு வெளியேறும் நாள் நெருங்கும்போது வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான். சில சமயம் அவரே கேட்கிறார். சில சமயம் அவருக்காகக் காப்பகப் பொறுப்பாளரோ தங்கையோ கேட்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு: "அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார், நம்பலாமா அக்கா?"

கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், அடி தாங்க முடியாமல் பிள்ளையோடு கிளம்பி வந்தவர், பழைய பஸ் நிலையத்திலோ ஜங்ஷனிலோ சில காலம் படுத்துக்கிடந்தவர் என்று இவர்களில் பலவகை. காப்பகத்தில் சில மாதம் சாப்பாடும் தூக்கமும் மருந்தும் கிடைத்து உடம்பு தேறிவிட்டது. அடுத்த அடியைச் சரியாக வைக்காவிட்டால் மறுபடியும் அதே பஸ் நிலையம்தான். ஆகவே சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூலி கொடுக்கும் கையும் கூரை கொடுக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் இருப்பவருக்கு எதற்கும் வாய் திறக்க முடியாது. கீழே வரும் எடைபோடலில் இந்தக் கருத்து அங்கங்கே தலைகாட்டும். ஒத்துவராதவர்கள் அதைக் கழித்துவிட்டுப் படிக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி: உங்களை வெளியே போகச் சொல்லக்கூடியவர் யார், எத்தனை நாளில்? வாடகை வீட்டுக்காரர் ஒரு மாதமாவது தவணை தருவார். வீட்டோடு வேலைக்கு வைத்திருப்பவர் அன்று இரவே பையைத் தூக்கச் சொல்லலாம். அண்ணன் வாயால் சொல்ல மாட்டார்; அண்ணி பாத்திரம் வைக்கும் சத்தத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது: பணம் எந்த நாளில், யார் கையில் வருகிறது? வாரச் சனிக்கிழமை கையில் வரும் கூலியும், மாதம் பிறந்து பத்துத் தேதிக்குள் வங்கியில் விழும் சம்பளமும், "மூன்று வருடம் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம்" என்ற வாக்கும் ஒன்றல்ல. சேமிப்பு இல்லாதவருக்கு முதல் சம்பளம் வரும் வரையிலான இடைவெளிதான் கடனில் தள்ளுகிறது.

மூன்றாவது: நான்கு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன ஆகும்? நான்காவது: பிள்ளை கூட இருக்க முடியுமா, பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறதா?

ஐந்தாவது முகவரி. இதைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஆதரவற்ற விதவைகளுக்கும் கைவிடப்பட்ட மனைவியருக்குமான ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, ரேஷன் அரிசி, சுய உதவிக் குழு உறுப்பினர் இடம், பள்ளிச் சேர்க்கை என்று எதைத் தொட்டாலும் "எந்த ஊர், எந்தத் தெரு, என்ன கதவு எண்" என்றுதான் கேட்கிறார்கள். தலைக்கு மேல் கூரை இருந்தும் காகிதத்தில் முகவரி இல்லாத இடங்கள் உண்டு. அங்கே சம்பளம் எவ்வளவு என்றாலும், மேலே சொன்னதெல்லாம் கைநழுவிப் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## முதல் வழி: இல்லத்திலேயே இன்னும் கொஞ்ச காலம்

"இங்கேயே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?" என்று பெண்களே வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எந்த இல்லம் என்பதைப் பொறுத்து விஷயம் மாறும்.

சகி என்கிற ஒருங்கிணைந்த சேவை மையம் அவசரத்துக்கானது. தங்குவது ஐந்து நாள் வரைதான். நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் வேறு. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதையொட்டி வளர்ந்த ஏற்பாடு அது. படுக்க இடம் கிடைக்கும். ஆனால் ஒரு வாழ்க்கையைத் திட்டமிட அது போதாது. ஸ்வாதார், உஜ்வாலா என்ற பழைய இல்லங்கள் 2022இல் சக்தி சதன் என்ற பெயரில் ஒன்றாயின. அங்கே மாதக்கணக்கில் தங்கலாம், ஆலோசனையும் தொழிற்பயிற்சியும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சமூக நலத்துறை நடத்தும் அரசு சேவை இல்லம் இருக்கிறது, சேலத்திலும் உண்டு. படிப்பைப் பாதியில் விட்ட கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் இலவசமாகத் தங்கி மீண்டும் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கென்றே ஏற்பட்டது அது.

எட்டாம் வகுப்போடு நின்ற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சத்துணவு, அங்கன்வாடி நியமனங்களில் கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் கல்விச் சான்று கேட்பார்கள். இரண்டு வருடம் கூலி போகிறதே என்று யோசிப்பவர்கள், பத்தாம் வகுப்புச் சான்று இல்லாமல் இருபது வருடம் வாங்கப் போகும் குறைந்த கூலியையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இங்கும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. வெளியே போகவும் போன் பேசவும் அனுமதி கேட்க வேண்டும். நாற்பது வயதில் கல்லூரி விடுதி மாணவியைப் போல நடத்தப்படுவது சிலருக்குத் தாங்காது. மகன் வளர்ந்துவிட்டால் கூட வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அவனைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். வயது வரம்பு இல்லத்துக்கு இல்லம் மாறுவதால் சேர்வதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாயையும் பத்து வயது மகனையும் பிரிக்கும் இடம் என்றால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

## இரண்டாம் வழி: தங்குமிடத்தோடு வரும் வேலை

பார்க்க மிக எளிதாக இருப்பதும், நான் மிகவும் பயப்படுவதும் இந்த வழிதான். முன்பணம் வேண்டாம், வாடகை வேண்டாம், இன்று போனால் இன்றே படுக்கை. சேலத்தைச் சுற்றி இது மூன்று உருவத்தில் வருகிறது.

வீட்டோடு வேலை. வயதானவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், சாப்பாடு தங்கல் இலவசம் என்பார்கள். சம்பளமும் வாய்க்கு நிறைவாக இருக்கும். ஆனால் அது இருபத்து நான்கு மணி நேரச் சம்பளம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் எழ வேண்டும். ஏஜென்சி வழியாகப் போனால் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடும். பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. ரேஷன் அட்டைக்கு அந்த வீட்டு முகவரியையும் தர மாட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பார்த்துக்கொள்ளும் பெரியவர் இறந்துவிட்டால் வேலையும் அன்றே முடிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பெண் மறுபடியும் தெருவில் நிற்பார். துக்கம் விசாரிக்கக்கூட அவரிடம் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நூற்பாலை விடுதி. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மேற்கு மாவட்ட ஆலைகளில் நடந்ததை இந்தப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். இளம் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கி, மூன்று வருட முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, இடையில் உடம்பு முடியாமல் போனவர்களை வெறுங்கையோடு அனுப்பிய கதைகள் ஏராளம். எல்லா ஆலையும் அப்படியல்ல. சம்பளத்தில் எந்தப் பகுதியாவது "கடைசியில்" என்றால் போகாதீர்கள். மாதாமாதம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில், பி.எப். எண்ணோடு விழுகிறது என்றால் பேசலாம். 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள் தங்கும் விடுதிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே பதில்.

ஏற்காடு எஸ்டேட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மலை என்றதும் எல்லாருக்கும் ஓர் ஆசை வருகிறது.

சேர்வராயன் மலையில் காப்பி பயிராகத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951இலேயே சட்டம் வந்தது. லயன் வீடுகள் என்று வரிசையாக நிற்பவை அப்படி வந்தவைதான். ஆனால் வீடு நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். இன்று வேலைக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் மேஸ்திரியோ காண்டிராக்டரோ. அவர் எடுப்பது தற்காலிக ஆள். வீடு என்று சொல்லித் தருவது இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஓர் அறையாக இருக்கலாம்.

அடுத்தது பருவம். அராபிகா காப்பிப் பழம் பறிப்பு ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அப்போது கிலோ கணக்கில் கூலி. கை வேகமானவர்கள் நன்றாகவே சம்பாதிப்பார்கள். அதை ஒட்டி மிளகு. அதன் பிறகு களை எடுப்பு, உரம் வைப்பு என்று வேலை சுருங்கும். நிழல் மரக் கிளை கழிப்பது போன்றவை ஆண்களுக்குப் போகும். நவம்பரில் போனவர் "நல்ல வேலை" என்கிறார். ஏப்ரலில் அவரிடமே கேட்டுப் பாருங்கள். வேலை இல்லாத மாதங்களில் மளிகைக் கடைப் பற்று ஏறும். அடுத்த பருவக் கூலி கைக்கு வருவதற்குள் கடைக்காரர் கணக்கில் போய்விடும்.

குளிருக்குக் கம்பளி, மழைக்காலத்தில் காயாத துணி, அட்டைக்கடி ஆகியவற்றைப் பழகிக்கொள்ளலாம். மாதாமாதம் சேலம் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்க வேண்டியவர் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏறுவதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும். மனநல மருந்து சாப்பிடுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு மாதம் போகாமல் விடுவது, இரண்டாவது மாதமும் விடுவது, பிறகு பழைய நிலை. மலையில் பேர்போன கான்வென்ட் பள்ளிகள் இருக்கின்றன. அவை எஸ்டேட் கூலியின் பிள்ளைக்கானவை அல்ல. அரசுப் பள்ளி உங்கள் லயனிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வழியில் காட்டெருமை நடமாட்டம் உண்டா என்று கேட்டுத்தான் போக வேண்டும்.

யாருக்கு மலை பொருந்தும்? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு. அக்காவோ சித்தியோ ஏற்கெனவே நிரந்தரத் தொழிலாளியாக இருந்து, வேலை இல்லாத மாதத்தில் ஒரு வேளைக் கஞ்சி ஊற்றக்கூடியவர்களுக்கு. மற்றவர்கள் போவதென்றால் பறிப்புக் காலத்துக்கு மட்டும் போய், கூலியைச் சேர்த்துக்கொண்டு இறங்கிவிடலாம். சேலத்தில் எடுத்த அறைக்குத் துணை ஆள் ஒருவர் இருந்தால் இது முடியும்.

## மூன்றாம் வழி: பெண்கள் விடுதியில் படுக்கை, நகரில் சம்பள வேலை

ஜவுளிக் கடை, சூப்பர் மார்க்கெட், மருத்துவமனைத் துப்புரவு, மருந்துக் கடை ஆகிய வேலைகளில் ஏதாவது ஒன்று உறுதியாகிவிட்ட, பிள்ளை கூட இல்லாத பெண்ணுக்கு இது நல்ல வழி. வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதி சேலத்திலும் இருக்கிறது. ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் பக்கம் தனியார் விடுதிகளும் உண்டு. முன்பணம் குறைவு, பாத்திரம் பண்டம் வாங்க வேண்டாம், வேலையை மாற்றினாலும் படுக்கை மாறாது.

சிக்கல் நுழைவாயிலில். ஆதார், வேலை செய்யும் இடத்துக் கடிதம், சம்பளச் சான்று, உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் கையெழுத்து என்று கேட்பார்கள். கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறவரால் இவற்றைக் காட்ட முடியாது. பொறுப்பாளர் கையெழுத்துக்குக் காப்பக நிர்வாகியைக் கேளுங்கள். பலர் போடுவார்கள், போடத் தயங்குபவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். கேட் மூடும் நேரமும் முக்கியம். ஜவுளிக் கடை தீபாவளி சமயத்தில் இரவு பத்துக்கு மேல் மூடும், விடுதி கேட் ஒன்பதுக்கே மூடும் என்றால் முதல் வாரத்திலேயே தகராறு. கடை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2021இல் செய்த சட்டத் திருத்தப்படி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும். நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எத்தனை கடைகளில் அந்த இருக்கையில் உட்கார விடுகிறார்கள் என்பது வேறு பேச்சு.

விடுதி முகவரியில் ரேஷன் அட்டை எடுப்பது கடினம். ஆகவே இதை ஒரு வருட ஏற்பாடாக வைத்துக்கொண்டு, அந்த வருடத்துக்குள் வாடகை வீட்டு முன்பணத்தைச் சேர்ப்பதே கணக்கு.

## நான்காம் வழி: வாடகை அறை

எலி வளையானாலும் தனி வளை என்று நம் ஊரில் சொல்வதை வீட்டை இழந்தவர்கள்தான் முழுதாகப் புரிந்துகொள்வார்கள். கதவை உள்ளிருந்து தாழ்போட முடிவது ஒரு பெரிய மருந்து.

செலவைப் பாருங்கள். கிச்சிப்பாளையம், குகை, அம்மாபேட்டை பக்கம் ஓர் அறை மாதம் 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத முன்பணம் என்றால் 17,500. முதல் மாத வாடகை, அடுப்பு, ஐந்து கிலோ சிலிண்டர், இரண்டு பாத்திரம், பாய், போர்வை எல்லாம் சேர்ந்து 25,000 ரூபாயைத் தொட்டுவிடும். இவ்வளவு பணத்தோடு காப்பகத்திலிருந்து யாரும் வெளியே வருவதில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து எடுத்தால் பாதிதான். ஒரே காப்பகத்தில் ஒன்றாக இருந்து ஒருவர் கோபத்தை ஒருவர் அறிந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது. முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள், இருவர் பெயரிலும்.

மறைந்திருப்பது மின்கட்டணம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் வீட்டுக்காரர் தனி மீட்டர் வைக்காமல் யூனிட்டுக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை சொல்வார். தண்ணீருக்குத் தனி. வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டேன் என்றால் முகவரிச் சான்று கிடைக்காது. அப்படியானால் நாம் தனி அறைக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தின் பாதிப் பயன் போய்விட்டது. "உன் கணவர் எங்கே இருக்கிறார்?" என்ற கேள்வியும் வரும். இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். மொத்தக் கதையையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அறை எடுத்தவர் என்ன வேலைக்குப் போவது? சேலத்தில் இரண்டு எளிதில் கிடைக்கும்.

ஒன்று வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு கண்ணி கோப்பதும் பற்றவைப்பதும் நடக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளியை எடைபோட்டுத் தருவார்கள். திரும்பத் தரும்போது சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். தெரியாத கைக்கு முதல் மாதம் கூலி எதுவும் மிஞ்சாமல் போகலாம். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும். பற்றவைக்கும் புகையைப் பத்துக்குப் பத்து அறையில் பிள்ளையோடு சேர்ந்து சுவாசிப்பது நல்லதல்ல. கண்ணி கோப்பதோடு நிறுத்திக்கொள்வது மேல். முதலாளி முன்பணம் கொடுக்க வந்தால் வாங்காதீர்கள். அந்த முன்பணம் தீரும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது.

இன்னொன்று மூன்று நான்கு வீடுகளில் வேலை. இதைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் உண்டு. என் கணக்கில், முதல் வருடத்துக்கு இதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது. ஒரு வீடு போனால் மூன்று மிச்சம்; கூரைக்கு ஆபத்து இல்லை. அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வாடகை மலிவான கொண்டலாம்பட்டியில் இருந்துகொண்டு அஸ்தம்பட்டியில் வேலை பார்க்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இல் ஏற்பட்ட நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மகப்பேறு, பிள்ளைகள் படிப்பு, விபத்து ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். வீட்டோடு தங்கும் வேலையும் இதுவும் ஒரே துடைப்பம்தான்; ஆனால் இங்கே மாலையில் உங்கள் சாவி உங்கள் இடுப்பில் இருக்கும்.

## ஐந்தாம் வழி: பிறந்த வீடு, உறவினர் வீடு

சுருக்கமாகவே சொல்கிறேன். தாய் உயிரோடு இருந்து, வீடு தாயின் பெயரில் இருந்தால் போகலாம். அண்ணன் வீடு என்றால், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பதாக முதல் நாளே பேசிவிட்டுப் போனால்தான் ஆறு மாதம் தாண்டும்.

இத்தனை காலம் திரும்பிப் பார்க்காத அண்ணன் திடீரென்று வந்து கூப்பிட்டால், ஊரில் நிலமோ வீடோ விற்பனைக்கு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து தேவைப்பட்டிருக்கலாம். மகளுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது; 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. கையெழுத்துப் போடும் முன் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. கணவர் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர் என்றால் அதே இடத்தில் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் தங்கும் உரிமையோ மாற்று வாடகையோ கேட்க வழி உண்டு. அந்த உத்தரவு வர நாளாகும். ஆனாலும் மனுவை இன்றே போட்டுவைப்பதால் நட்டமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வெளியேற்றக்கூடியவர் | பணம் | நோயில் படுத்தால் | பிள்ளை | முகவரி |
|---|---|---|---|---|---|
| இல்லத்தில் தொடர்வது | நிர்வாகம். விதிப்படி, முன்கூட்டியே சொல்லி | இல்லை | கவனிப்பு உண்டு | மகள் சரி. வளர்ந்த மகன் கடினம் | இல்லத் தலைவர் சான்றோடு |
| வீட்டோடு வேலை | முதலாளி. அன்றே | மாதச் சம்பளம் | பெரும்பாலும் வேலை போகும் | முடியாது | கிடைக்காது |
| நூற்பாலை விடுதி | ஆலை. சில நாளில் | மாதம் முழுச் சம்பளம் என்றால் மட்டும் சரி | சம்பளம் பிடிப்பு | முடியாது | கடினம் |
| எஸ்டேட் | மேஸ்திரி, தோட்டம். பருவம் முடிந்ததும் | பருவத்தில் நன்று, பிறகு பற்று | மருத்துவமனை தூரம் | முடியும். பள்ளி தூரம் | தற்காலிக ஆளுக்குக் கடினம் |
| பெண்கள் விடுதி | விடுதி. வாடகை தவறினால் | வெளி வேலையிலிருந்து | படுக்கை இருக்கும் | பெரும்பாலும் முடியாது | அரைகுறை |
| வாடகை அறை | வீட்டுக்காரர்; மாதக் கணக்கில் | வாரமோ மாதமோ, உங்கள் கையில் | கூலி போகும், கூரை இருக்கும் | முடியும் | ஒப்பந்தம் இருந்தால் முழுதாக |
| உறவினர் வீடு | உறவினர். அறிவிப்பில்லாமல் | அவரவர் சம்பாத்தியம் | ஆளைப் பொறுத்தது | முடியும் | அவர்கள் சம்மதித்தால் |

## கடன் வாங்கித் தொழில் தொடங்கலாமா?

இதையும் அடிக்கடி கேட்கிறார்கள். இட்லிக் கடை, தையல், பூ வியாபாரம். முதல் வருடத்தில் வேண்டாம் என்பதே என் பதில்.

சுய உதவிக் குழு நம் பக்கத்து மண்ணில் வேர்விட்டது. 1989இல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கி விரைவிலேயே சேலத்துக்கும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே பகுதியில் தொடர்ந்து இருந்து, மாதங்கள் சேமித்து, மற்றவர்கள் நம்பிய பிறகே கடன் வரும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களைத்தான் வாரத் தவணைக் கம்பெனிகள் பிடிக்கின்றன. வசூலுக்கு வந்து வாசலில் உட்காருவதைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் மிரட்டலைத் தடுக்கலாம். வாங்கிய கடனை அது அடைத்துவிடாது.

சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டம் வேறு வகை. அதில் திருப்பிக் கட்ட எதுவும் இல்லை. தையல் தெரிந்த சான்றோடு விண்ணப்பிக்கலாம். இயந்திரத்தை வைக்க ஓர் அறை வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உறவினர் வீட்டுத் திண்ணையில் வைத்த இயந்திரம் சில மாதத்தில் உறவினருடையதாகிவிடுவதைக் காண்கிறோம்.

## ஆக, யாருக்கு எது?

முப்பதுக்குள் வயது, பிள்ளை இல்லை, படிப்பு பாதியில் நின்றது: சேவை இல்லம். படிக்க மனமில்லை என்றால் விடுதியும் கடை வேலையும்.

சிறு பிள்ளைகளோடு இருக்கும் தாய்க்கு, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாடகை அறை, வீட்டு வேலை. இருவரில் ஒருவர் காலையும் மற்றவர் மாலையும் போனால் பிள்ளைகளுக்கு எப்போதும் ஓர் ஆள் இருக்கும். முன்பணம் சேரும் வரை சக்தி சதனில் தொடருங்கள். அவசரப்பட்டு வீட்டோடு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வேறிடத்தில் விடாதீர்கள்.

மனநல மருந்தோ வலிப்பு மருந்தோ சாப்பிடுகிறவர் அரசு மருத்துவமனைக்கு ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. மலை வேண்டாம், வெளியூர் ஆலையும் வேண்டாம்.

ஐம்பதைக் கடந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு முடிவு கடினம். வீட்டோடு வேலைக்கு இவர்களைத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். இவர்களுக்குத்தான் அது அதிகம் ஆகாது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வரும்; அதற்கு நிலையான ஒரு வீடு வேண்டும். நம்பிக்கையான தங்கையோ மகளோ இருந்தால், ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிட்டு அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை. ஒரே வீட்டில் வேண்டாம்.

கணவரால் உயிருக்கு ஆபத்து இருப்பவர் இந்த ஒப்பீட்டையே ஒதுக்கிவிட்டு, பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழையுங்கள். அவருக்கு இப்போதைக்கு இல்லம்தான்.

## வெளியேறும் முன் வாங்க வேண்டியவை

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இல்லத்தில் இருக்கும்போதே இவற்றை முடித்துவிடுங்கள். வெளியே போன பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தின் தலைவர் உரிய படிவத்தில் சான்று தந்தால் ஆதாரில் அந்த முகவரியைப் பதிவு செய்யலாம். பிறகு வீடு மாறும்போது மாற்றிக்கொள்ளலாம், முகவரியை எத்தனை முறை மாற்றவும் தடையில்லை. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. கணவர் அறிந்த பழைய கணக்கு வேண்டாம். கணவர் குடும்பத்து ரேஷன் அட்டையில் பெயர் சிக்கியிருந்தால், விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமலேயே விசாரணையின் பேரில் தனி அட்டை கேட்க முடியும். வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு மனு எழுதி, இல்லத்தின் கடிதத்தையும் இணையுங்கள். மருத்துவச் சீட்டுகளின் நகல். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ்.

அறை பார்க்கப் போகிறவர்கள் பகலில் ஒரு முறையும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் போய்ப் பாருங்கள். கழிவறை வீட்டுக்குள்ளா வெளியிலா, தெருவிளக்கு எரிகிறதா, பக்கத்தில் டாஸ்மாக் இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாவது முறை போகும்போதுதான் தெரியும்.